78 எடுத்தும் பெயில்: தாதியர் படிப்பில் புள்ளி விழும் விதம்

வெள்ளவத்தையில் நான் இருக்கிற ஒழுங்கையில் தாதியர் படிப்புக்குப் போகிற பிள்ளைகள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். பெறுபேறு வருகிற காலத்தில் யாராவது ஒருவர், சில நேரம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு, கேற்றைத் தட்டுவார். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "மிஸ், தியரிக்கு 78. வார்டிலும் நல்ல மாக்ஸ். பிறகு ஏன் பெயில் என்று போட்டிருக்கிறார்கள்?"

நான் டியூட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். கேள்வித்தாள் செய்திருக்கிறேன், விடைத்தாள் திருத்தியிருக்கிறேன், செய்முறைப் பரீட்சையில் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். மேசையின் அந்தப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்பது தெரிந்தால் படிக்கிற விதமே மாறும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த 78க்கான பதில் இதுதான்: தாதியர் படிப்பில் சராசரி உங்களைக் காப்பாற்றாது. பள்ளிக்கூடத்தில் ஒரு பாடத்தில் குறைந்தால் இன்னொன்று தூக்கிவிடும், மொத்தம் சரியாக இருந்தால் வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள். இங்கே எழுத்துப் பரீட்சை தனி, செய்முறை தனி, வார்ட் தனி. உடற்கூற்றியலில் 90 எடுத்த பிள்ளை ஆள் மாறி ஊசி போட்டால், அந்த 90 நோயாளிக்கு என்ன செய்யும்? இங்கிலாந்தின் தாதியர், மருத்துவிச்சியர் கவுன்சில் 2018இல் வெளியிட்ட தரவிதிகளில் இதை வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கிறது: எழுத்துப் பகுதியின் புள்ளியைக் கொண்டு செய்முறைப் பகுதியின் குறையை ஈடுகட்டக் கூடாது, மறுபுறமும் கூடாது. நம்முடைய கல்லூரிகளில் எழுத்தில் இருக்கும் வாசகம் வேறாக இருக்கலாம். திருத்துகிறவர்களின் மனநிலை இதேதான்.

முதலில் கையேட்டைத் திறவுங்கள்

கொழும்பில் தாதியர் படிப்பு என்பது ஒரே படிப்பல்ல. சுகாதார அமைச்சின் பயிற்சிக் கல்லூரியில் மூன்று வருட டிப்ளோமா. பல்கலைக்கழகத்தில் நான்கு வருடப் பட்டம். ஏற்கெனவே வேலை பார்க்கிற தாதியர் நாவலத் திறந்த பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்குப் படிக்கிறார்கள். இதற்கு மேல் தனியார் நிறுவனங்கள். ஒரு இடத்தின் புள்ளிக் கணக்கு இன்னொரு இடத்துக்குப் பொருந்தாது. ஆகவே பக்கத்து வீட்டு அக்கா சொன்னதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

தனியார் இடத்துக்குக் காசு கட்டப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. இலங்கையில் தாதியராகப் பதிவு செய்வது 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த நர்சிங் கவுன்சிலின் வேலை. இந்தச் சான்றிதழோடு அங்கே பதிவு செய்ய முடியுமா என்று கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். முடியாதென்றால் நீங்கள் எடுக்கிற புள்ளியைப் பற்றிப் பேசுவதில் பிரயோசனம் இல்லை.

கையேட்டில் முதலில் தேட வேண்டியது தொடர் மதிப்பீட்டுக்கு எத்தனை வீதம், இறுதிப் பரீட்சைக்கு எத்தனை வீதம் என்பது. 40க்கு 60 என்றும் 30க்கு 70 என்றும் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அதைவிட முக்கியமான வரி ஒன்று பெரும்பாலும் அடுத்த பக்கத்தில் சின்ன எழுத்தில் கிடக்கும்: ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியாகக் குறைந்தபட்சப் புள்ளி எடுக்க வேண்டும் என்கிற வரி. அதைக் கண்டுபிடித்து அடிக்கோடிடுங்கள். பிறகு வரவு எத்தனை வீதம் வேண்டும் (80 என்பது பரவலான கணக்கு, வார்டுக்கு அதைவிடக் கூடவும் இருக்கும்), மீள்பரீட்சையில் எடுக்கக்கூடிய உச்சப் புள்ளி என்ன என்பவை. இவ்வளவும் தெரிந்தால் போதும். மற்றதெல்லாம் தேவைப்படும்போது பார்க்கலாம்.

எழுத்துப் பரீட்சை

இதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஏ.எல். எழுதி வந்த பிள்ளைகளுக்குப் பரீட்சை எழுதத் தெரியும். தடுக்கி விழுகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

பல்தேர்வில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஒரு தலைப்பின் கீழ் ஐந்து கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் சரி அல்லது பிழை என்று குறிப்பது. இதில் பிழையான விடைக்குப் புள்ளி கழிப்பார்கள். மூன்று சரி, ஒன்று பிழை, ஒன்றை விட்டுவிட்டீர்கள் என்றால் 3இல் 1 போய் 2. பல இடங்களில் ஒரு கேள்வியின் மொத்தம் பூச்சியத்துக்குக் கீழே போகாது, அடுத்த கேள்வியைத் தின்னவும் விடமாட்டார்கள். அந்தத் தடுப்பு இல்லாத இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் நீண்ட கணக்கில் கிடைப்பது பூச்சியம்தான். அரைகுறையாகவாவது ஒரு பக்கம் சாயத் தெரிந்தால் குறியுங்கள், அதுவும் இல்லையென்றால் விடுங்கள். மற்ற வகை, ஐந்தில் மிகப் பொருத்தமான ஒன்றைத் தெரிவது. அதில் கழித்தல் இல்லையென்றால் ஒன்றையும் வெறுமையாக விட்டுவிட்டு வராதீர்கள்.

கட்டமைப்புக் கட்டுரையில் புள்ளி கேள்வியின் வலது ஓரத்தில் எழுதியிருக்கும். "நான்கு காரணங்களைக் குறிப்பிடுக" என்ற இடத்தில் ஆறு எழுதினால் திருத்துகிறவர் முதல் நான்கைத்தான் பார்ப்பார். உங்களுடைய நல்ல இரண்டு கடைசியில் இருந்தால் அவை போச்சு. "குறிப்பிடுக" என்றால் ஒரு வரி. "விளக்குக" என்றால் ஏன் என்பதும் வேண்டும். "நியாயப்படுத்துக" என்றால் இதைச் செய்யாவிட்டால் நோயாளிக்கு என்ன ஆகும் என்பதுவரை போக வேண்டும். படுக்கைப் புண் வராமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்போம் என்பது குறிப்பு. ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்தால் இரத்தம் போகாமல் தோல் செத்துவிடும் என்பது நியாயம். பாதிப் புள்ளி அந்த இரண்டாவது வரியில்தான் இருக்கிறது.

மருந்துக் கணக்கு வேறு சங்கதி. அதற்குத் தனிப் பரீட்சை வைக்கிற இடங்கள் உண்டு, தேர்ச்சிப் புள்ளியும் உயரத்தில் இருக்கும். மேலே சொன்ன இங்கிலாந்து விதிகளில் மருந்துக் கணக்குப் பரீட்சையில் 100 வீதம் எடுத்தால்தான் சித்தி. 99 என்றால் நூற்றில் ஒரு ஆளுக்குப் பிழையான அளவு போகிறது என்று அர்த்தம், அதனால் எனக்கு அந்த விதி சரியாகவே படுகிறது.

1000 மி.லீ. சேலைன், 8 மணித்தியாலம், மி.லீ.க்கு 20 துளி விடுகிற சேலைன் குழாய்ச் செட், நிமிடத்துக்கு எத்தனை துளி? 1000ஐ 20ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் பிரித்தால் 41.67. விடை நிமிடத்துக்கு 42 துளி. அரைத் துளி, முக்கால் துளி என்று எந்தச் செட்டும் விடாது, ஆகவே 41.67 என்று எழுதிவிட்டு வந்தால் கடைசிப் புள்ளி இல்லை. குழந்தைகள் வார்டில் 12 கிலோ பிள்ளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் பரசிட்டமோல் என்றால் 180 மி.கி. சிரப் 5 மி.லீ.யில் 120 மி.கி. ஆகவே 7.5 மி.லீ. இதில் திருத்துகிறவர் பார்க்கிற இடங்கள் நான்கு: சூத்திரம், அலகு, கணக்கு, கடைசியில் "இந்த அளவு நியாயமாகத் தெரிகிறதா" என்கிற நிதானம். தசமப் புள்ளி இடம் மாறி 75 மி.லீ. என்று எழுதியவர் தாளைக் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போவார். அது கிட்டத்தட்ட ஒரு சின்னப் போத்தலின் முழு மருந்து. .5 என்று எழுதாமல் 0.5 என்று எழுதுங்கள், 5.0 என்று எழுதாமல் 5 என்று எழுதுங்கள். பார்க்கச் சில்லறை விடயம், ஆனால் புள்ளி கண்ணில் படாமல் போனால் 5.0 என்பது 50 ஆகிவிடும்.

ஓஸ்கி

பிள்ளைகளின் வயிற்றைக் கலக்குவது இந்தச் செய்முறைப் பரீட்சைதான். 1975இல் ஸ்கொட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் என்ற பேராசிரியர் மருத்துவ மாணவர்களுக்காக அறிமுகப்படுத்திய முறை. அதற்கு முன் செய்முறைப் பரீட்சை என்றால் ஒரு நோயாளி, ஒரு பரீட்சகர். பரீட்சகரின் அன்றைய மூட் சரியில்லையென்றால் நீங்கள் தொலைந்தீர்கள். ஓஸ்கியில் பல நிலையங்கள், ஒவ்வொன்றிலும் வேறு பரீட்சகர், எல்லாருக்கும் ஒரே வேலை, ஒரே நேரம், ஒரே பட்டியல். மணி அடித்தால் அடுத்த நிலையம்.

பரீட்சகரின் கையில் இருக்கிற தாளில் இடது பக்கம் படிகள், வலது பக்கம் புள்ளிகள். கீழே, பெரும்பாலும் பிள்ளைகளுக்குத் தெரியாத ஒரு பெட்டி இருக்கும்: மொத்தத்தில் இவர் எப்படி? தெளிவாகச் சித்தி, எல்லைக்கோடு, தெளிவாகப் பெயில். பட்டியலைக் கூட்டிப் பார்க்காமல் மனதில் பட்டதைக் குறிக்கச் சொல்வார்கள். சில இடங்களில் "எல்லைக்கோடு" என்று குறிக்கப்பட்டவர்கள் பட்டியலில் எடுத்த புள்ளியின் சராசரியை எடுத்து அதையே அந்த நிலையத்தின் சித்திப் புள்ளியாக வைப்பார்கள். ஆகவே ஒரு நிலையத்தில் 20க்கு 11 சித்தியாகவும் இன்னொன்றில் 13 பெயிலாகவும் இருக்கலாம். அநியாயம் என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. அநியாயம் இல்லை. நாடி பிடித்துப் பார்க்கிற நிலையமும் கதீட்டர் போடுகிற நிலையமும் ஒரே அளவு கடினம் என்று யார் சொன்னது?

இதோடு சில படிகளுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் இருக்கும். அந்தப் படி தவறினால் மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் நிலையம் போய்விடும்.

ஒரு நிலையத்தைக் கிட்ட வைத்துப் பார்ப்போம். மருந்து கொடுக்கிற நிலையம். கட்டிலில் ஒரு ஆள், மேசையில் மருந்துத் தட்டு, பக்கத்தில் பெட் ஹெட் டிக்கெட், அதாவது நோயாளியின் குறிப்பேடு. டொக்டர் எழுதியிருப்பது கோ-அமொக்சிகிளாவ் 625 மி.கி. வாய்வழி. மாணவி கைக்குச் சுத்திகரிப்புத் திரவம் தேய்க்கிறாள், பெயர் கேட்கிறாள், கையில் கட்டியிருக்கிற பட்டியோடு ஒப்பிடுகிறாள், மருந்தின் பெயர், அளவு, நேரம், வழி எல்லாம் வாய்விட்டுச் சொல்கிறாள், காலாவதித் திகதி பார்க்கிறாள், தண்ணீர் கொடுத்து விழுங்கும்வரை நிற்கிறாள், கையொப்பம் இடுகிறாள். அழகான வேலை, 20க்கு 17 வரும். ஆனால் டிக்கெட்டின் முன்பக்க மூலையில் சிவப்பு மையில் "பெனிசிலின் அலர்ஜி" என்று எழுதியிருந்தது. கோ-அமொக்சிகிளாவின் பெயரில் பெனிசிலின் என்ற சொல் இல்லை. ஆனால் அது பெனிசிலின் குடும்பம். நிலையம் பெயில்.

இதே நிலையத்தில் இன்னொரு பிள்ளை பாதியில் நிறுத்தி, "இந்த மருந்தைக் கொடுக்க மாட்டேன், டொக்டருக்கு அறிவிக்கிறேன், அறிவித்ததை டிக்கெட்டில் எழுதுகிறேன்" என்றால் அவளுக்கு முழுப்புள்ளி. மருந்து கொடுக்கிற நிலையத்தில் மருந்து கொடுக்காமல் முழுப்புள்ளி வாங்கலாம் என்பது பலருக்கு நம்ப முடியாமல் இருக்கும். ஆனால் தாதியர் வேலையைச் சோதிக்கிற பரீட்சை அதைத்தானே சோதிக்க வேண்டும்?

ஓஸ்கிக்கு எப்படிப் பழகுவது? மூன்று பேராகச் சேருங்கள். ஒருவர் தாதி, ஒருவர் நோயாளி, ஒருவர் பட்டியலோடு பரீட்சகர். பரீட்சகராக இருப்பவர்தான் அதிகம் படிப்பார், அதனால் முறை மாறி மாறி இருங்கள். கைபேசியில் நேரம் வைத்துச் செய்யுங்கள். செய்வதை வாய்விட்டுச் சொல்லப் பழகுங்கள். பரீட்சகருக்கு உங்கள் மனதுக்குள் ஓடுவது தெரியாது. காயத்தைப் பார்த்து மௌனமாக நின்றால் "காயத்தை மதிப்பிட்டார்" என்ற படிக்கு அவர் எப்படிச் சரி போடுவது? "விளிம்பு சிவந்திருக்கிறது, சீழ் இல்லை, வாடை இல்லை" என்று சொல்ல வேண்டும். கை சுத்தம் செய்வதையும் நேரம் பார்த்துப் பழகுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் திரவம் தேய்ப்பது 20 முதல் 30 விநாடி, சவர்க்காரம் போட்டுக் கழுவுவது 40 முதல் 60 விநாடி. பதற்றத்தில் எல்லாரும் ஐந்து விநாடியில் முடித்துவிடுவார்கள்.

ஒரு நிலையம் சொதப்பினால் கதவுக்கு வெளியே விட்டுவிட்டு வாருங்கள். அடுத்த பரீட்சகருக்கு அது தெரியாது. தெரியாத ஒருவரிடம் போய் ஏற்கெனவே தோற்ற முகத்தைக் காட்டுவானேன்?

நம்முடைய பிள்ளைகளுக்கென்று ஒரு விடயம். கொழும்பு வார்டில் பெரும்பாலான நோயாளிகள் சிங்களம் பேசுவார்கள், ஓஸ்கியில் நோயாளியாக நடிக்கிறவரும் அப்படி இருக்கலாம். பேச்சுத் தொடர்புக்கென்று ஒவ்வொரு நிலையத்திலும் புள்ளி உண்டு. இலக்கணச் சுத்தமாகப் பேச வேண்டாம். "நம மொகத்த?", "ரிதெனவாத?", "பெஹெத் வலட்ட அசாத்மிகதா தியெனவாத?" என்கிற பெயர், வலி, மருந்து ஒவ்வாமை மூன்றையும் தயங்காமல் கேட்க வந்தால் பாதித் தூரம் வந்துவிட்டீர்கள். வயதானவரை "அம்மே", "தாத்தே" என்று கூப்பிடுங்கள். "பன்னிரண்டாம் பெட்" என்று கூப்பிட்டால் புள்ளி போகும், போகத்தான் வேண்டும்.

வார்ட்

குழந்தைகளுக்கு பொரளையில் லேடி ரிஜ்வே, மனநலத்துக்கு அங்கொட, பிரசவத்துக்கு டி சொய்சா அல்லது காசல் வீதி என்று பயிற்சிக் காலத்தில் கொழும்பைச் சுற்றி வருவீர்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு மதிப்பீட்டுத் தாள் கூடவே வரும். இந்தத் தாளைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள், குறைவாக வாசிப்பார்கள்.

பல தாள்களுக்குப் பின்னால் 1983இல் கத்லீன் பொண்டி என்ற அமெரிக்கத் தாதியக் கல்வியாளர் வகுத்த ஐந்து படி அளவுகோலின் சாயல் இருக்கும். கீழிருந்து மேலே: முற்றாகத் தங்கியிருப்பவர், அரைகுறையாகச் செய்பவர், உதவியோடு செய்பவர், மேற்பார்வையில் செய்பவர், தானாகவே செய்பவர். இதில் கவனிக்க வேண்டியது, வேலை முடிந்ததா என்பது மட்டும் புள்ளியைத் தீர்மானிப்பதில்லை. அதை முடிக்க உங்களுக்கு எத்தனை முறை சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது என்பதும் தீர்மானிக்கிறது.

இரண்டு பிள்ளைகள் ஒரே காயத்துக்கு மருந்து கட்டுகிறார்கள். இரண்டு கட்டும் ஒரே மாதிரி அழகாக இருக்கிறது. முதலாவது பிள்ளை செய்யும்போது சிஸ்டர் "ம்... சரி... செய்யுங்கோ" என்றுதான் சொன்னார். அது ஆதரவான சொல், அதற்குப் புள்ளி குறையாது. இரண்டாவது பிள்ளையிடம் "கை கழுவினீங்களா?", "அந்தப் போசெப்ஸ் வேண்டாம், மற்றது", "வலி மாத்திரை கொடுத்தாச்சா என்று முதலில் கேட்கவில்லையே?" என்று மூன்று முறை திருப்ப வேண்டியிருந்தது. கட்டு ஒன்றுதான், படி இரண்டு கீழே. "நானும் அதே மாதிரித்தானே கட்டினேன்" என்று வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது, முந்தின நாள் இரவு வேலையின் படிகளை அல்ல, சிஸ்டர் என்னென்ன கேட்பார் என்பதை எழுதிப் பாருங்கள். அவர் கேட்பதற்கு முன் நீங்கள் சொல்லிவிட்டால் படி தானாக ஏறும்.

சம்பவப் புத்தகம், அதாவது நீங்கள் செய்த வேலைகளைப் பதிந்து கையொப்பம் வாங்குகிற லொக் புத்தகம், அதே நாளில் நிரப்ப வேண்டியது. பார்த்தது, உதவியது, செய்தது மூன்றும் வெவ்வேறு கட்டம். காலை ஷிப்ட் 7க்குத் தொடங்கி பகல் 1க்கு முடியும். பன்னிரண்டே முக்காலுக்கு ஒப்படைப்பு ரிப்போர்ட் எழுதுகிற நேரத்தில் புத்தகத்தை நீட்டினால் முகம் சுளிப்பார்கள், அந்த முகச்சுளிப்பு மதிப்பீட்டுத் தாளிலும் எங்காவது விழும். டொக்டர்மாரின் ரவுண்ட் முடிந்து கொஞ்சம் மூச்சு விடுகிற இடைவெளியில் போங்கள். மாதக் கடைசியில் மொத்தமாகக் கையொப்பம் வாங்க நினைக்கிறவர்கள், அந்த சிஸ்டர் இடமாற்றத்தில் போய்விட்டார் என்று அழுவதை நிறையப் பார்த்துவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வார்ட் புள்ளியை அப்படியே நம்பாதீர்கள். ஒரு வார்டில் இருந்து வந்த தாள்களில் முழுக் குழுவுக்கும் 20க்கு 15 போட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். வேலைப்பளுவில் யாருக்கும் யாரையும் பார்க்க நேரம் இருந்திருக்காது. பெயில் போட வேண்டிய பிள்ளைக்குப் பெயில் போட மனம் வராமல் தள்ளிவிடுவதும் நடக்கிறது. ஸ்கொட்லாந்தில் கத்லீன் டஃபி 2003இல் இதைப் பற்றியே ஓர் ஆய்வு செய்தார், உலகம் முழுவதும் உள்ள டியூட்டர்மார் தலையாட்டினார்கள். இதனால் வார்டுக்கு எண் கொடுக்காமல் சித்தி அல்லது சித்தியில்லை என்று மட்டும் போடுவதுதான் நேர்மை என்பது என் கட்சி. என்னோடு வேலை செய்த பலர் ஒத்துக்கொள்ளவில்லை. எப்படியோ, 15 என்று வந்தால் அதோடு நிற்காமல் "மிஸ், இந்த வார்டில் நான் இன்னும் தனியாகச் செய்யக் கூடாத வேலை எது?" என்று கேளுங்கள். எண்ணைவிட அந்தப் பதில் பெறுமதி.

கவனித்தலும் திட்டமும்

மேல் வருடங்களில் கை வேலையைவிட யோசனைக்குப் புள்ளி கூடும். 2007இல் லசாட்டர் என்பவர் செய்த அளவுகோல் ஒன்று பல இடங்களில் ஓடுகிறது. கவனித்தல், பொருள் காணுதல், செயல்படுதல், திரும்பிப் பார்த்தல் என்று நான்கு பகுதி, மொத்தம் 11 கூறு, ஒவ்வொன்றிலும் தொடக்கநிலை முதல் முன்மாதிரி வரை நான்கு படி. பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். டெங்கு வார்டில் அது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள்.

நோயாளிக்கு இரத்த அழுத்தம் 110க்கு 70. இரண்டு மணித்தியாலம் கழித்து 100க்கு 82. ஒரு மாணவர் எண்ணைச் சார்ட்டில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறார். 100 நல்ல எண்தானே என்று நினைப்பு. அவருக்கு அளக்கத் தெரியும், கவனிக்கத் தெரியவில்லை. இன்னொருவர் இரண்டு எண்ணுக்கும் இடையிலான வித்தியாசம் 40இல் இருந்து 18க்குச் சுருங்கியதைப் பார்க்கிறார். டெங்குவில் அந்த இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் திரவம் நாளத்தை விட்டுக் கசிகிறது, அதிர்ச்சி நிலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அவர் கை, கால் குளிர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, சிறுநீர் எவ்வளவு போயிருக்கிறது என்று கேட்டு, உடனே சிஸ்டரிடம் ஓடுகிறார். ஒரே அளவீடு, ஆனால் ஒருவருக்கு முதலாம் படி, மற்றவருக்கு நான்காம் படி.

பராமரிப்புத் திட்டம் எழுதும்போதும் இதே கண் வேண்டும். "நோயாளி நலமடைவார்" என்று இலக்கு எழுதினால் பூச்சியம்தான். எப்போது, எதை வைத்து, எவ்வளவு? இதே டெங்கு நோயாளி 60 கிலோ என்றால், "அடுத்த நான்கு மணித்தியாலமும் சிறுநீர் மணிக்கு 30 மி.லீ.க்குக் குறையாமல் இருக்கும்" என்பது இலக்கு. கிலோவுக்கு மணிக்கு 0.5 மி.லீ. என்ற கணக்கு. அளக்க முடிகிறது, அளந்து பார்த்துச் சரியா பிழையா என்று சொல்ல முடிகிறது. திருத்துகிறவர் தேடுவது அதைத்தான். புத்தகத்தில் இருந்து பத்துத் தாதியப் பிரச்சினைகளைக் கொப்பி அடித்து வைக்கிறவர்களைவிட, நோயாளியைப் பார்த்து மூன்றை எழுதி அவற்றை முன்னுரிமைப்படி அடுக்கியவருக்கு நான் கூடப் போடுவேன்.

அனுபவப் பிரதிபலிப்புக் கட்டுரை என்று ஒன்று கேட்பார்கள். "நான் மிகவும் கவலையடைந்தேன், பிறகு மகிழ்ச்சியடைந்தேன்" என்று இரண்டு பக்கம் எழுதாதீர்கள். அடுத்த முறை எதை மாற்றிச் செய்வீர்கள் என்பதில்தான் பெரிய புள்ளி கிடக்கிறது.

பட்டப்படிப்பில் ஜி.பி.ஏ.

பல்கலைக்கழகப் பிள்ளைகள் மட்டும் இதை வாசித்தால் போதும். ஜி.பி.ஏ. என்பது எல்லாப் பாடங்களின் கிரேடையும் சேர்த்து எடுக்கிற சராசரி. A என்றால் 4.0, A கழித்தல் 3.7, B கூட்டல் 3.3, B 3.0, C 2.0. இதைப் பாடத்தின் கிரெடிட்டால், அதாவது அந்தப் பாடத்தின் பாரத்தைக் காட்டுகிற எண்ணால், பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் பிரிக்க வேண்டும். வழக்கமான எல்லை: 3.70க்கு மேல் முதல் வகுப்பு, 3.30க்கு மேல் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு, 3.00க்கு மேல் கீழ்ப்பிரிவு.

நான்கு பாடங்களை வைத்துப் பார்ப்போம். தாதியியல் அடிப்படை 4 கிரெடிட், B கூட்டல்: 13.2. உடற்கூறும் உடற்றொழிலும் 3 கிரெடிட், A கழித்தல்: 11.1. வார்ட் பயிற்சி 6 கிரெடிட், B: 18. சமூகவியல் 2 கிரெடிட், A: 8. மொத்தம் 50.3ஐ 15ஆல் பிரித்தால் 3.35. வார்ட் பயிற்சி மட்டும் B இல்லாமல் A ஆக இருந்திருந்தால் 56.3, அதாவது 3.75. முதல் வகுப்பு. உடற்கூறில் இன்னும் மூன்று இரவு கண்விழித்து A கழித்தலை A ஆக்கியிருந்தாலும் 3.41தான் வந்திருக்கும். எங்கே நேரத்தைப் போட வேண்டும் என்று கிரெடிட் சொல்கிறது. பிள்ளைகளோ பயப்படுகிற பாடத்தில் நேரத்தைப் போடுகிறார்கள்.

விழுந்தால்

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் மீள்பரீட்சை எழுதினால் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் பொதுவாக C தான் உச்சம். ஆகவே காய்ச்சலோடு போய் உட்கார்ந்து "பார்ப்போம்" என்று எழுதுவது கெட்டித்தனம் இல்லை. கையேட்டில் சொல்லியிருக்கிற காலத்துக்குள், சொல்லியிருக்கிற முறையில் மருத்துவச் சான்றிதழ் கொடுத்து அது ஏற்கப்பட்டால் அடுத்த தடவை முதல் தடவையாகவே எண்ணப்படும், முழு கிரேடும் கிடைக்கும். பரீட்சை எழுதிவிட்டு, பெறுபேறு வந்த பிறகு சான்றிதழ் தேடி ஓடினால் யாரும் ஏற்க மாட்டார்கள்.

புள்ளியில் சந்தேகம் என்றால் மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம். பெரும்பாலும் கூட்டல் சரியா, திருத்தாத பக்கம் ஏதும் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். விடையைப் புதிதாகத் திருத்துவது அரிது. ஓஸ்கியில் அதுவும் இல்லை, அந்த ஐந்து நிமிடம் முடிந்துவிட்டது. ஆனால் எந்த நிலையத்தில் விழுந்தேன், நட்சத்திரப் படியிலா மொத்தப் புள்ளியிலா என்று டியூட்டரிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். தனியாக, கையில் நோட்டுப் புத்தகத்தோடு போங்கள்.

வெளிநாடு போகிற யோசனை உள்ளவர்களுக்கும் இந்தப் பழக்கம் உதவும். இங்கிலாந்துப் பதிவுக்கான ஓஸ்கியில் 10 நிலையங்கள். அதற்கு முந்தின கணினிப் பரீட்சையில் மருந்துக் கணக்குக்கென்றே 15 கேள்விகள் கொண்ட தனிப் பகுதி, அதைத் தனியாகச் சித்தியடைய வேண்டும். அமெரிக்காவில் தாதியர் பதிவுக்கான என்கிளெக்ஸ் பரீட்சையில் 2023 ஏப்ரலில் இருந்து குறைந்தது 85, கூடியது 150 கேள்விகள். நீங்கள் சொல்கிற விடையைப் பொறுத்து அடுத்த கேள்வி கடினமாகும் அல்லது இலகுவாகும், கடைசியில் எண் எதுவும் வராது, சித்தி அல்லது பெயில் மட்டும்தான். அங்கே 78 எடுத்தேன் என்று சொல்லவே வழியில்லை.